தேகபலமும் ஒரு சேமிப்பே

கைத்தறியையும் கழனியையும் நம்பி வாழும் நமது அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர்கள் ராணுவ ஆள்சேர்ப்பு முகாம்களுக்குச் செல்கின்றனர். ஓட்டத்தில் நன்கு தேறியும், தலைக்கு மேலுள்ள கம்பியைப் பற்றி உடலை மேலே இழுக்கும் சோதனையில் பின்தங்கித் திரும்பிய பிள்ளைகளைப் பற்றிச் சங்கங்களுக்குச் செல்லுமிடங்களில் நாம் கேட்டிருக்கிறோம். இளைஞர்கள் இதனைப் ‘புல்-அப்’ என்பர். முகாமில் ‘பீம்’ என்பர். பெயர் எதுவாயினும், இதற்குரிய பலத்தைப் பெறும் வழியை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

முகாமின் உடல்தகுதித் தேர்வில் ஓட்டத்திற்கு 60 மதிப்பெண், கம்பிக்கு 40 மதிப்பெண் என வகுத்துள்ளனர். கம்பியில் 6 முறை ஏறுவோர்க்கு 16. 7 முறைக்கு 21. 8 முறைக்கு 27. 9 முறைக்கு 33. 10 முறைக்கு 40. ஆறுக்கும் பத்துக்கும் இடையே உள்ளவை நான்கே முறைகள். ஆனால் மதிப்பெண்ணில் வேறுபாடு 24. 2023ஆம் ஆண்டு முதல் எழுத்துத் தேர்வு முன்னதாகவும் முகாம் பின்னதாகவும் நடைபெறுகின்றன. ஆகவே, எழுத்துத் தேர்வு முடிந்த பின் கம்பியைப் பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிடுவோர் பலர். ஏட்டுப் பாடத்தைச் சில இரவுகள் விழித்தேனும் படித்துவிடலாம். தேகபலத்தை அவ்வாறு பெற இயலாது.

உழைக்கும் கைக்கு ஏன் இயலவில்லை?

“நாள் முழுதும் தறியில் உழைக்கும் கைக்கு இது ஒரு பெரிதா?” என்று பெரியோர் வினவுவர். குழித்தறியில் அமர்ந்து நாடாக் கயிற்றை இழுக்கும் கை, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இழுக்கின்றது என்பது உண்மையே. எனினும் ஒவ்வோர் இழுப்பிலும் அக்கை தாங்கும் பாரம் சிறிது. சிறு பாரத்தைப் பலமுறை இழுப்பதனால் களைப்பைத் தாங்கும் திறன் வளரும். பெரும் பாரத்தைத் தூக்கும் பலம் வளர்வதில்லை. கம்பியில் தொங்கும் இளைஞரின் எடை 60 கிலோவாயின், ஏறத்தாழ அவ்வளவையும் அவர் ஒவ்வொரு முறையும் மேலே இழுத்தாக வேண்டும்.

இவ்வேறுபாட்டை மருத்துவ உலகிற்குத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் டாக்டர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் நலிந்த கால்களுக்கு, இலேசான பாரத்தைப் பலமுறை தூக்கச் செய்வதை விட்டு, கனத்த பாரத்தைச் சில முறையே தூக்கச் செய்தார்; பலம் மீள மீளப் பாரத்தையும் படிப்படியாக உயர்த்தினார். 1945இல் அவர் வெளியிட்ட இம்முறையே இன்றைய பலப்பயிற்சிகளுக்கு ஓர் அடிப்படையாக உள்ளது.

உடலை மேலே இழுப்பதில் பெரும்பங்கு முதுகின் இருமருங்கும் அகன்று கிடக்கும் தசைகளுக்கு உரியது. மேற்கையின் முன்புறத் தசையும், விரல்களை இறுக்கும் முன்கைத் தசைகளும் உடன் உழைக்கின்றன. பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களில் தசை பருப்பதில்லை. ஆயினும் பலம் கூடுகின்றது. மூளையும் நரம்புகளும், இருக்கின்ற தசைநார்களில் மிகுதியானவற்றை ஒருங்கே வேலை வாங்கக் கற்றுக்கொள்வதே காரணம். அதன் பின்னரே தசை மெல்லப் பருக்கின்றது. சங்கத்தில் புதிய தறிகளை வாங்குமுன், சும்மா கிடக்கும் தறிகளை ஓட்டுவதைப் போன்றது இது.

ஒரு முறையும் இயலாதவர்க்கு

ஒரு முறைகூட ஏற இயலாதவர், கம்பியைப் பற்றித் துள்ளி முயன்று மனஞ்சோர்வதில் பயனில்லை. அவர் செய்யத்தக்கவை நான்கு:

முதலாவது, கைகளை நீட்டிச் சும்மா தொங்குதல். 10 விநாடியில் தொடங்கி 30 விநாடி வரை உயர்த்துக. பிடி உறுதிப்படும்.

இரண்டாவது, தொங்கிய நிலையில் முழங்கையை மடக்காமல், தோள்களை மட்டும் காதிலிருந்து கீழ்நோக்கி இழுத்தல். முதுகுத் தசை வேலையைத் தொடங்கப் பழகும்.

மூன்றாவது, இடுப்பளவு உயரமுள்ள கம்பியின் கீழ்ச் சாய்ந்து, குதிகால் தரையில் ஊன்றியிருக்க, மார்பைக் கம்பிவரை இழுத்தல். பாரத்தில் ஒரு பகுதியைத் தரை தாங்கிக்கொள்ளும்.

நான்காவது, முக்காலியின் மீதேறி மோவாயைக் கம்பிக்கு மேல் வைத்து, அங்கிருந்து 5 விநாடி எண்ணிக்கொண்டே மெல்ல இறங்குதல். தூக்க இயலாத பாரத்தையும் தசையால் தாங்கி இறக்க இயலும். ஆதலின் ஏற இயலாதவரும் இறங்க இயலும். இறங்கி இறங்கியே ஏறும் பலத்தைப் பெறலாம். 3 முதல் 5 முறை போதும்.

சில முறை இயன்றவர்க்கு

மூன்று நான்கு முறை ஏறக்கூடியவர், நாள்தோறும் உயிரைக் கொடுத்து நான்கையே முயல்வது பெரும்பான்மையோர் செய்யும் தவறு. கடைசி முறையில் உடல் ஆடும், கால் உதறும், மறுநாள் கை எழாது. மாறாக, தம்மால் இயன்றதில் பாதியை எடுத்துக்கொண்டு பல சுற்றுகள் செய்க. நான்கு முறை இயலுமெனில், இரண்டிரண்டாக ஐந்து சுற்று. சுற்றுக்கு இடையே 2 அல்லது 3 நிமிட ஓய்வு. நான்காகச் செய்து ஓய்ந்தவர் நான்கோடு நின்றார்; இவரோ பத்து முறை செம்மையாக ஏறினார்.

இவ்வாறு வாரத்திற்கு மூன்று நாள் போதும். வாரந்தோறும் மொத்தத்தில் ஒன்றோ இரண்டோ கூட்டுக. எட்டுச் சுற்று எளிதானவுடன், மும்மூன்றாக ஐந்து சுற்றுக்கு மாறுக. ஆறேழு முறை இயன்ற பின்னர், வாரத்தில் ஒரு நாள் 2 கிலோ முதல் 5 கிலோ வரை எடையுள்ள பையை முதுகில் கட்டிக்கொண்டு குறைந்த முறைகள் ஏறலாம். பையை இறக்கிய பின் தம் உடலே இலேசாகத் தோன்றும். முழு பலத்தையும் சோதித்துப் பார்ப்பது நான்கு வாரத்திற்கு ஒருமுறை போதும். முகாமுக்கு முந்திய வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுக.

ஒவ்வொரு முறையும் கை முழுதும் நீண்ட நிலையில் தொடங்கி, மோவாய் கம்பிக்கு மேல் செல்ல முடிக்க வேண்டும். அரைகுறையாக ஏறிய எண்ணிக்கை, சரக்கில்லாத இருப்புக் கணக்கைப் போன்றது; தேர்வாளர் முன் வெளிப்பட்டுவிடும். உள்ளங்கை தம்மை நோக்கியிருக்கப் பற்றினால் மேற்கைத் தசையின் உதவி மிகும். பெரும்பாலோர்க்கு அது எளிது. எனினும் தேர்வில் எப்பிடியைக் கேட்கின்றனரோ அப்பிடியிலேயே பழகுக.

ஓய்வும் உணவும்

பலம் வளர்வது கம்பியில் அன்று, ஓய்வில்தான். ஒரு பயிற்சிக்கும் மறு பயிற்சிக்கும் இடையே ஒரு நாளேனும் விடுக. திருப்பிச் செலுத்தும் சக்திக்கு மேல் கடன் வாங்கியவர் நிலை நாமறியாததன்று. உடலும் அவ்வாறே தவணை தவறும். தசை பலப்படும் வேகத்தில், அதனை எலும்போடு பிணைக்கும் நாண்கள் பலப்படுவதில்லை. முழங்கையின் உட்புறத்திலோ தோளிலோ வலி தோன்றினால் சில நாள் நிறுத்துக. தொடர்ந்தால் மருத்துவரைக் காண்க. முதியோரும், இரத்த அழுத்தம், இருதய நோய் உடையோரும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது.

உணவில் புரதம் இன்றியமையாதது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த அளவின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது சுமார் 50 கிராம். கடும் பயிற்சி செய்வோர்க்கு இன்னுஞ் சிறிது கூடுதலாக வேண்டும். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராமும், அதே அளவு துவரம்பருப்பில் சுமார் 22 கிராமும், ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும் உண்டு. விலையுயர்ந்த மாவு டப்பாக்களை வாங்க வேண்டியதில்லை. நம் அங்கத்தினர் விளைவிக்கும் கடலையும் பருப்புமே போதும்.

நெசவாளர்க்கு ஒரு தனிக்குறிப்பு. கம்பியைப் பற்றுவதால் உள்ளங்கையில் காய்ப்பு உண்டாகும். சொரசொரத்த காய்ப்பில் பட்டிழை சிக்கும். ஆகையால் விரல்களின் அடிப்பகுதியில் கம்பி அமையுமாறு பற்றுக. காய்ப்பை அவ்வப்போது தேய்த்துச் சமன் செய்து எண்ணெய் தடவுக.

சங்கம் செய்யத்தக்கது

தறிக்கட்டையிலோ பழைய வீட்டு உத்திரத்திலோ தொங்குவது ஆபத்து. சங்கக் கட்டடத்தின் பின்புறம், உறுதியாக நட்ட இரண்டு கம்பங்களுக்கிடையே ஓர் இரும்புக் குழாயைப் பொருத்திவிட்டால் ஊர் இளைஞர் யாவர்க்கும் பயன்படும். சுமார் 30 மில்லிமீட்டர் கனமுள்ள குழாய் கைப்பிடிக்கு ஏற்றது. அருகில் இடுப்பளவு உயரத்தில் மற்றொன்றும் இருந்தால், தொடங்குவோர்க்கும் பெண்மக்களுக்கும் உதவும். பெண்கள் முதல் முறையை எட்டக் கூடுதல் காலம் ஆகலாம், வழி அதுவேதான்.

இறுதியாக, ஒரு சிறு கணக்கேடு வைத்துக்கொள்ளுமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். தேதி, சுற்று, மொத்த முறை ஆகிய மூன்று பத்திகள் போதும். வாரம் ஒன்றிரண்டாகக் கூடும் அவ்வெண்கள் முதல் மாதத்தில் அற்பமாகத் தோன்றும். சிக்கனச் சேமிப்பும் முதல் மாதத்தில் அவ்வாறே தோன்றுகின்றது. முகாமின் அறிவிப்பு வந்த பின் தொடங்குவோர்க்குக் கம்பி கைகொடாது. ஆதலின் அறிவிப்பை எதிர்பாராமல், இவ்வாரமே தொடங்குவார்களாக.