எடைக் குறைவும் மார்பகச் சீரமைப்பும்
உடல் எடை பெருமளவு குறையுங்கால் கொழுப்புக் கரைகிறதேயன்றி, நெடுங்காலம் விரிந்திருந்த தோல் முற்றும் சுருங்குவதில்லை. அதன் மீள்தன்மை இழைகள் சிதைந்திருப்பதே காரணம். ஆகவே மார்பகங்கள் தொய்கின்றன. சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் கோடையில் அம்மடிப்பில் வியர்வை தேங்கிப் படையும் புண்ணும் உண்டாவதுண்டு. தேகப்பயிற்சி தசையை வலுப்படுத்தும், தோலைச் சுருக்காது. மிகுதித் தோலை நீக்கிக் காம்பை உயர்த்தியமைப்பது அறுவை சிகிச்சையே.

எடை ஆறு மாதமேனும் மாறாது நின்ற பின்னரே இது தகும். புரதமும் இரும்புச் சத்தும் குன்றியிருப்பின் காயம் ஆறத் தாமதிக்கும். தழும்பு நிலைக்கும், பாலூட்டும் திறன் குறையவுங்கூடும். ஆதலின் மகப்பேறு விரும்புவோர் பொறுத்தல் நன்று.

நாணத்தால் புண்ணை மறைக்கும் பெண்களுக்கு, இது சோம்பலின் விளைவன்று என்பதைக் களப்பணியாளர் உணர்த்துதல் வேண்டும். 1960-இல் திருப்பதியில் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ரூயா மருத்துவமனைக்கு அவர்களை முதலில் அனுப்பலாம்.