எண்பதில் நிறுத்தலாம்

2020 ஊரடங்கு பல வீடுகளை அலுவலகமாக்கியது. லேப்டாப் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கப் பழகியது. முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம். 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன் பேட்டரியைத் தேய்ப்பது வேறு: முழுச் சார்ஜில், செல்லுக்குச் சுமார் 4.2 வோல்ட்டில், சூட்டோடு நெடுநாள் நிற்பது. அப்போது உள்ளிருக்கும் திரவம் சிதைந்து மின்முனையில் படலமாகத் தடிக்கிறது. அதில் சிக்கிய லித்தியம் மீள்வதில்லை. ஆகவே அமைப்புகளில் 80 சதவீத வரம்பு வையுங்கள். மெத்தையில் வைத்துக் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள்.

மழையில் கரண்ட் போனால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அன்று மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளலாம். சில மணி நேரத்தால் பெரிய கேடில்லை. ஆனால் பேட்டரி உப்பி டச்பேட் மேலெழும்பினால் சிக்கனமே பார்க்கக் கூடாது, உடனே அணைத்து மாற்றிவிட வேண்டும்.