கண்ணொளிக்குக் கருணை மட்டும் போதுமா?

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?” என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. ஆனால் கண்புரையைப் பொறுத்தமட்டில் இப்பழமொழி பொய்த்துவிடுகிறது. புரையால் பார்வை இழந்தவர் அறுவை மருத்துவத்தால் மீண்டும் கதிரவனைக் காணலாம். அவ்வாறிருந்தும் நம் நாட்டில் பார்வையிழப்புக்குத் தலையாய காரணம் இன்றும் கண்புரையே. ஏன்? பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் இவ்வினாவை ஆராயப் புகுந்தேன்.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கி, ஒளியைத் தடுப்பதே புரை. முன்னாளில் மருத்துவர்கள் அவ்வில்லையை அகற்றிவிட்டு, அதற்கு ஈடாகத் தடித்த மூக்குக்கண்ணாடி கொடுத்தனர். அதன் திறன் ஏறத்தாழ 10 டயாப்டர். அதன் வழியே பொருள்கள் கால் பங்கு பெரிதாய்த் தெரியும். பக்கப் பார்வை குன்றும். வயல் வரப்பில் விழுந்து கண்ணாடி உடைந்தால் மீண்டும் இருளே!

இதற்கு மாற்று 1949இல் லண்டனில் பிறந்தது. போரில் விமானிகளின் கண்களில் தைத்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் கண்ணுக்கு ஊறு செய்யாமல் தங்கியிருந்ததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, அதே வகைப் பொருளால் வில்லை செய்து கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். நல்ல வழிதான், ஆனால் 1990 வாக்கிலும் இறக்குமதி வில்லை ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர். செல்வருக்கு வில்லை, ஏழைக்குத் தடித்த கண்ணாடி என்பது அறமாகுமா?

மதுரையில் இதற்கு விடை கண்டனர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை மருத்துவம் செய்தவர் அவர். வசதியுள்ளோர் தரும் கட்டணத்தைக் கொண்டே வசதியற்றோர்க்கு மருத்துவம் நடந்தது. 1992இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த அரோலாப் வில்லைகளை இங்கேயே செய்யத் தொடங்கியதும் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காயிற்று. தானத்தை மட்டும் நம்பியிராமல் பொருளின் விலையையே தாழ்த்தியதுதான் இம்முயற்சியின் தனிச்சிறப்பு.

இத்துடன் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. கண் முகாம்கள் நடந்த தென்னாட்டுச் சிற்றூர்களில் செய்த ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. கண் குறையுடையோரில் முகாமுக்கு வந்தவர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை என்றது அது. மருத்துவம் இலவசம், ஆனால் பயணச் செலவு இலவசமா? இழந்த நாட்கூலியை யார் தருவார்? அறுவை என்றதும் எழும் அச்சத்தை யார் போக்குவார்? கைப்பிடித்து அழைத்துச் செல்லத் துணை யார்?

ஆகவே, நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்வதற்கு மாறாக, மருத்துவம் ஊரைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. 2004 முதல் அரவிந்த் நிறுவனம் சிற்றூர்களை அடுத்துப் பார்வை மையங்களை அமைத்து வருகிறது. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தொலைவிலுள்ள மருத்துவர் இணையத்தின் வழியே நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார். கண்ணாடி போதுமானால் அங்கேயே கிடைக்கும். அறுவை வேண்டியவரே மருத்துவமனைக்குச் செல்வர். ஐதராபாத்தில் 1987இல் தொடங்கிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையமும் இத்தகைய மையங்களை நடத்துகிறது.

வில்லை மலிந்தது, மையமும் அருகில் வந்தது. எஞ்சியிருப்பது துணைக்கு ஒரு கை. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! “வயதானால் அப்படித்தான்” என்று திண்ணையில் ஒடுங்கிவிட்ட பெரியவர் ஒருவர் நம் தெருவிலும் இருப்பார். அவருடன் ஒருநாள் பேருந்தில் ஏறுங்கள். அதற்குப் பட்டமும் வேண்டாம். பணமும் மிகுதியாக வேண்டாம்.