நேட்டால் போர்க்களத்தில் தூக்குக் கட்டில் சுமந்தோர்

போர்க்களத்தில் வீழ்ந்த வீரன் பிழைப்பது மருத்துவரின் திறனை மட்டும் பொறுத்ததன்று. அவனை மருத்துவரிடம் சேர்ப்பிப்போரின் கால்களையும் பொறுத்தது. களத்தில் கட்டுப்போடும் இடம், அதற்குப் பின்னே கள மருத்துவமனை, அதற்கும் அப்பால் தள மருத்துவமனை எனப் படிப்படியாக அமைந்த அப்பயணத்தின் சுமையைத் தென்னாப்பிரிக்கப் போயர் போரில் இந்தியரும் ஏற்றனர்.

1899 அக்டோபரில் போர் மூண்டபோது, நேட்டால் இந்தியர் சார்பில் காந்தியடிகள் முன்வைத்த உதவியை அரசு முதலில் ஏற்கவில்லை. தோல்விகளும் காயமுற்றோரின் தொகையும் பெருகவே அம்மறுப்பு தளர்ந்தது. டாக்டர் பூத்தின் மேற்பார்வையில் ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட இந்திய ஆம்புலன்ஸ் படை உருவாயிற்று. அவர்களுள் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர். ஏனைய 800 பேரோ முதலாளிகள் அனுப்பிவைத்த ஒப்பந்தத் தொழிலாளர். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் நேட்டால் ஒப்பந்தத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கரடுமுரடான பாதையில் மாட்டுவண்டியின் குலுக்கலே படுகாயமுற்றோரின் உயிரைக் குடித்துவிடும். ஆகவே அத்தகையோரைத் தூக்குக் கட்டிலில் மனிதரே சுமந்தனர். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, வழியில் மருந்தும் ஊட்டி, மாலை ஐந்து மணிக்குள் தள மருத்துவமனையை அடைய வேண்டும்; சில வேளைகளில் அத்தொலைவு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் என்று காந்தியடிகள் எழுதியுள்ளார். வெறுங்கையுடன் நடப்போருக்கே அது கடுமையான தூரம். தோள் மாற்றும்போது கட்டில் சாயாதிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணிப்பார்த்தால் அவ்வுழைப்பின் தன்மை விளங்கும்.

துப்பாக்கிச் சூட்டு எல்லைக்கு வெளியே மட்டுமே பணி என்பது தொடக்க ஏற்பாடு. 1899 டிசம்பர் 15இல் கொலென்ஸோவில் அவ்வாறே தொடங்கிற்று. 1900 ஜனவரியில் ஸ்பியோன் கோப் குன்றில் பிரிட்டிஷ் படை பேரிழப்புக்கு உள்ளானபோது நிலை மாறியது. எல்லைக்குள் வரும் கடமை இந்தியருக்கு இல்லை, வந்தால் நன்றி பாராட்டப்படும் எனத் தளபதி புல்லரிடமிருந்து செய்தி வந்தது. படையினர் இசைந்தனர். படுகாயமுற்ற ஜெனரல் உட்கேட்டைச் சுமந்தவர்களும் இவர்களே.

இங்கு ஒரு வினா எழுகிறது. சுதந்திர இந்தியர் தம் விருப்பால் இசைந்தனர் எனலாம். முதலாளியின் ஆணையால் வந்த கரும்புத் தோட்டத் தொழிலாளியிடம் தனியாக இசைவு கேட்கப்பட்டதா? நமக்குக் கிட்டும் வருணனைகள் பெரும்பாலும் தலைவர்கள் எழுதியவை. அவற்றில் ‘இந்தியர்’ என்னும் ஒரே சொல் இரு சாராரையும் மூடிவிடுகிறது.

புல்லரின் அறிக்கை இப்படையைப் பாராட்டிற்று. போர்ப் பதக்கம் 37 தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. நேட்டால் கப்பற் பதிவேடுகள் ஒவ்வொரு தொழிலாளியின் எண், தந்தை பெயர், ஊர், உடலின் மச்சம், தழும்பு வரை குறித்துவைத்தவை. ஸ்பியோன் கோப்பில் சுமந்த தோள்களைப் பற்றி எழுதுவோர் காந்தியடிகளின் நூல்களோடு அப்பதிவேடுகளையும் புரட்ட வேண்டியுள்ளது.