செதிலில் ஒளிரும் கலை

அரசர், போர், சமயம், தொன்மம் ஆகியவையே ஓவியத்திற்குரிய உயர்ந்த பொருள்கள் என ஐரோப்பியர் நெடுங்காலம் கருதினர். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து ஓவியர் சிலர், சந்தையில் விற்கும் மீனைத் தம் தூரிகைக்குரிய பொருளாக்கினர். மீன், ரொட்டி, பழம், கிண்ணம் போன்றவற்றை மட்டுமே கருப்பொருளாகக் கொண்ட ஓவியம் 'அசையாப்பொருள் ஓவியம்' எனப்படும்.

இம்மாற்றத்திற்கு அந்நாட்டு வாழ்க்கையே அடிப்படையாகும். சீர்திருத்தத் திருச்சபை வழிபாட்டிடங்களில் ஓவியங்களை விரும்பவில்லை. எனவே, ஓவியர்கள் வணிகர், கைவினைஞர் முதலியோரின் இல்லங்களுக்காக வரையத் தொடங்கினர். அவ்வில்லத்தார் நன்கறிந்த உணவு மீன். மத்தி மீனின் இனத்தைச் சார்ந்த ஹெர்ரிங் மீன், அந்நாட்டின் பெருஞ்செல்வமாக விளங்கியது. மீனவர்கள் அதன் செவுளையும் குடலின் ஒரு பகுதியையும் கப்பலிலேயே நீக்கினர். பின்னர் உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்தனர். நெடுநாள் கெடாத அம்மீன் அயல்நாடுகளுக்கும் ஏற்றுமதியாயிற்று.

ஹார்லெம் நகர ஓவியர் பீட்டர் கிளாஸ், பழுப்பும் சாம்பலும் கலந்த சில வண்ணங்களைக் கொண்டே ஹெர்ரிங்கும் ரொட்டியும் உள்ள எளிய உணவு மேசையைத் தீட்டினார். யோசப் டெ பிராய் 1656இல் வரைந்த ஓவியமொன்றில், ஹெர்ரிங்கைப் போற்றும் கவிதை பொறித்த பலகையைச் சுற்றி மீன்கள் தொங்குகின்றன. தி ஹேக் நகரில் பிறந்த ஆபிரகாம் வான் பைரென், கூடையில் குவிந்த மீன்களையும் நண்டுகளையும் ஈரம் உலராத தோற்றத்துடன் வரைந்தார்.

மீனை வரைதல் எளிதன்று. பிடித்த சில மணி நேரத்தில் அதன் கண் மங்கும். தோலின் பளபளப்புக் குன்றும். அழியும் அவ்வொளியைக் காட்ட, ஓவியர் எண்ணெய் வண்ணத்தை ஒளி ஊடுருவும் மெல்லிய அடுக்குகளாகப் பூசினர். ஒளிபடும் இடங்களில் வெண்மையைச் சிறு தீற்றல்களாக வைத்தனர். அத்தீற்றல்களே பார்ப்பவர் கண்ணில் ஈரமாகத் தோன்றுகின்றன.

இத்துணைத் திறன் வேண்டிய கலைக்கு அக்காலத்தில் உரிய மதிப்புக் கிட்டவில்லை. சாமுவேல் வான் ஹூக்ஸ்டிராட்டென் 1678இல் வெளியிட்ட ஓவியநூலில், அசையாப்பொருள் ஓவியர்களைக் கலைப்படையின் சாதாரண வீரர்களுக்கு ஒப்பிட்டார். வான் பைரெனும் பொருள் நெருக்கடியால் துன்புற்று, பல நகரங்களுக்கு இடம்பெயர்ந்து 1690இல் மறைந்தார். இன்றோ அவருடைய மீன் ஓவியங்கள் உலக அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. ஓவியத்தின் உயர்வு, அது காட்டும் பொருளின் பெருமையைச் சார்ந்ததன்று. ஓவியர் அதனைக் கண்ட கூர்மையைச் சார்ந்தது என்பதற்கு அவை சான்றாகின்றன.