தமிழ்ச் சமணக் கலைச்சொற்களும் மின்னாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

சமண நூல்களின் மின்னாக்கம் படிமம், எழுத்துப் பனுவல், பொருட்குறிப்பு என மூன்று நிலைகளை உடையது. முதல் நிலை ஏட்டையும், இரண்டாம் நிலை சொல்லையும் காக்கின்றன. சொல் சுட்டும் கோட்பாட்டைக் காப்பதற்கு மூன்றாம் நிலை இன்றியமையாதது என்பதைத் தமிழ்ச் சமணக் கலைச்சொற்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்ச் சமணம், மணிப்பிரவாளம், கிரந்தம், ஒருங்குறி, கலைச்சொல், மின்னாக்கம்.

முன்னுரை

சமணர் போற்றும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. நூலைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்குதல் அறமாகக் கருதப்பட்டமையால் ஏடுகள் தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட்டன. ஆயினும் ஏட்டைப் பேணுதலும் அதன் பொருளைப் பரப்புதலும் ஒன்றல்ல. திகம்பர ஆகமமாகிய சட்கண்டாகமத்தின் ஓலைச்சுவடிகள் கருநாடகத்து மூடபித்ரியில் நெடுங்காலம் வழிபாட்டுப் பொருளாகவே இருந்தன. அதன் உரையாகிய தவளா 1939 முதல் அச்சேறிய பின்னரே அந்நூல் பரவலான ஆய்வுக்கு உட்பட்டது. இவ்வேறுபாடு இன்றைய மின்னாக்கத்திற்கும் பொருந்தும்.

படிமமும் பனுவலும்

சுவடியை ஒளிப்படமாக்குதல் முதற்பணி. ஓலை சிதைந்தாலும் அதன் தோற்றம் எஞ்சும். ஆனால் தமிழ்ச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை; எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை; காலும் ரகரமும் ஒரே வடிவின. எனவே, படிமம் பயிற்சியுடையோர்க்கே பயன்படும். அதனுள் சொல்லைத் தேட இயலாது.

இக்குறையை எழுத்துப் பனுவல் நீக்குகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் நாலடியார், சீவக சிந்தாமணி முதலிய சமண நூல்களையும் இணையத்தில் இலவசமாக வழங்கியுள்ளது. தொடக்கத்தில் பழைய குறியேற்றங்களில் அமைந்த அதன் பனுவல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. ஓலையைப் போலவே மின்கோப்பும் காலந்தோறும் படியெடுக்கப்பட வேண்டியது என்பதற்கு இது சான்று.

எழுத்தால் நேரும் இழப்பு

தமிழ்ச் சமண மரபில் செய்யுள் நூல்களுடன் மணிப்பிரவாள உரைநடையும் வளர்ந்தது. அறுபத்துமூன்று சலாகா புருடர்களின் வரலாற்றைக் கூறும் ஸ்ரீபுராணம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இத்தகைய சுவடிகளில் தமிழ்ச் சொற்கள் தமிழ் எழுத்திலும் வடசொற்கள் கிரந்த எழுத்திலும் எழுதப்பட்டன. கிரந்த எழுத்துத் தொகுதி ஒருங்குறியின் 7.0 பதிப்பில், 2014இல் இடம்பெற்றது. அதற்கு முன்னர் இவ்விரு எழுத்தையும் ஒரே பனுவலில் உள்ளவாறு தருவதற்குப் பொது வழி இல்லை.

வடசொற்களையும் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்தால் ஒலிப்பும் மூச்சொலியும் மறைகின்றன. உயிரின் இயல்புக் குணங்களை அழிக்கும் ஞானாவரணீயம், தரிசனாவரணீயம், மோகனீயம், அந்தராயம் ஆகிய நான்கு வினைகளும் ‘காதி’ எனப்படும். இச்சொல்லின் முதலெழுத்து வடமொழியில் மூச்சொலியுடைய ஒலிப்புக் ககரம். தமிழ் எழுத்தில் அது கைத்தறித் துணியைக் குறிக்கும் ‘காதி’யிலிருந்து வேறுபடுவதில்லை. இணையத் தேடலில் துணி பற்றிய பக்கங்களே மிகுதியாகக் கிடைக்கும்.

பொருளால் நேரும் இழப்பு

தூய தமிழ்ச் சொற்களிலும் சிக்கல் உண்டு. ஆஸ்ரவம், சம்வரம், நிர்ஜரை, பந்தம் ஆகியவற்றைத் தமிழ்ச் சமணர் முறையே ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு என வழங்கினர். வினை உயிரினுள் வருதல் ஊற்று. அவ்வரவைத் தடுத்தல் செறிப்பு. சேர்ந்த வினை நீங்குதல் உதிர்ப்பு. உயிருடன் வினை பிணிப்புறுதல் கட்டு. தத்துவத்தை அன்றாடச் சொற்களால் உணர்த்திய இவ்வாக்கத்தின் சிறப்பே கணினித் தேடலில் தடையாகிறது. ‘நிர்ஜரை’ எனத் தேடுவோர்க்கு ‘உதிர்ப்பு’ வரும் செய்யுள் கிடைக்காது. ‘ஊற்று’ எனத் தேடுவோர்க்கு நீரூற்றே கிடைக்கும். அறம், மறம் எனப் பொதுவழக்கில் பொருள்படும் தருமம், அதருமம் ஆகியனவும் சமண மெய்யியலில் இயக்கத்திற்கும் நிலைபேற்றிற்கும் துணையாகும் இரு திரவியங்களைக் குறிக்கும்.

இவ்விடர்ப்பாடு அச்சுக்காலத்திலும் இருந்தது. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரை கிடைத்திருந்தும், கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டே அந்நூலின் சமயச் செய்திகளைத் தெளிந்தார். பனுவல் கைக்கு எட்டிய பின்னும் அதன் கோட்பாட்டை அறிய வாழும் மரபு தேவைப்பட்டது.

பொருட்குறிப்பின் வழி

இத்தேவையை நிறைவு செய்வதே மூன்றாம் நிலை. பனுவல் குறியீட்டு முன்னெடுப்பு வகுத்துள்ள டி.இ.ஐ. நெறிமுறை ஒரு சொல்லைக் கலைச்சொல் எனக் குறிக்கவும், அதனைச் சொல்லடைவுடன் இணைக்கவும், பாடவேறுபாடுகளைப் பதியவும் இடமளிக்கிறது. ‘உதிர்ப்பு’, ‘நிர்ஜரை’ ஆகிய இரண்டையும் ஒரே கருத்தெண்ணுடன் பிணைத்தால், ஒன்றைத் தேடுவோர் மற்றதையும் பெறுவர். வினையின் உதிர்ப்பும் இலையின் உதிர்ப்பும் தனித்தனியே நிற்கும்.

எவ்விடத்தில் ஒரு சொல் கலைச்சொல்லாகிறது என்பதைக் கணினி தானே துணிதல் அரிது. உரைகளைக் கற்ற தமிழாய்வாளரும், மேல்சித்தாமூர் மடத்தை மையமாகக் கொண்ட தமிழ்ச் சமணருள் ஆகமப் பயிற்சியுடையோரும் இணைந்தே அதனைக் குறிக்க வேண்டும். உரையாசிரியர் விளக்கத்திற்கும் மரபினர் வாய்மொழி விளக்கத்திற்கும் வேறுபாடு தோன்றின், இரண்டையும் மூலம் சுட்டித் தனித்தனியே பதிதல் முறையாகும்.

முடிவுரை

படிமம் ஓலைக்கு மாற்றாகிறது. ஒருங்குறிப் பனுவல் பரவலுக்கு வழிசெய்கிறது. மணிப்பிரவாள நூல்களில் கிரந்த எழுத்தை உள்ளவாறே பதிதலும், அனைத்து நூல்களிலும் கலைச்சொற்களைக் கருத்துவழி இணைத்தலும் மேற்கொள்ளப்பட்டால்தான் தமிழ்ச் சமணக் கோட்பாடு இணையத்தில் தேடி அறியத்தக்கதாகும். விளக்க வல்ல மரபினர் வாழும் காலத்திலேயே செய்யப்பட வேண்டிய பணி இது. பின்னாளில் ஏடுகளையும் கோப்புகளையும் மட்டும் கொண்டு அதனை நிறைவு செய்தல் இயலாது.