வால்வு ஆம்ப்ளிஃபையர் ஏன் உறுமுகிறது?

மின்கிதாரின் கம்பி அதிரும்போது பிக்கப்பில் எழும் மின்னழுத்தம் மிகச் சிறியது. வால்வுகள் அதைப் படிப்படியாகப் பெருக்குகின்றன. ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அலையின் உச்சி தட்டையாகும். உடனே மூல சுருதியின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஹெவி மெட்டலின் உறுமல் இதுதான். தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியே பட்டு அல்லது பருத்தி நூலை நகர்த்தி ஜீவா பிடிப்பதும் இத்தகைய மேல்சுரங்களை எழுப்பவே.

இரண்டு சுரங்கள் சேரும்போதுதான் வியப்பு. தடித்த கம்பியின் 82 ஹெர்ட்ஸையும் அதன் பஞ்சமமான 123 ஹெர்ட்ஸையும் சேர்த்து மீட்டினால், வித்தியாசமான 41 ஹெர்ட்ஸும் கேட்கும். ஒரு ஸ்தாயி கீழான அதே சுரம்! காந்தாரத்தைச் சேர்த்தாலோ ஒலி கலங்கும். மெட்டல் இசை ஸட்ஜம பஞ்சமத்தையே நாடுவது இதனால்தான்.

ஆகவே உறுமலுக்கான நல்ல ஆம்ப்ளிஃபையருக்கு அடையாளம் வாட் எண்ணிக்கை அல்ல. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். உறுமலுக்கு முன்பே மந்தர ஒலியைக் குறைக்கும் சுற்று அமைந்ததா என்பதே முக்கியம். இல்லையேல் வேகமான மீட்டல் குழம்பும். பாதுகாப்பும் முக்கியம். அமெரிக்காவுக்கான 120 வோல்ட் கருவியை இந்தியாவின் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது. தக்க டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுக் கருவியை இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.